என்னான்னு எழுதிக் குடுக்கிறது? - 377-ம் எங்கள் ஊர் எல்லையும்

தேர்வு முடிந்து ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம், கொஞ்சம் நீளமாகவும் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

போன வருஷம் எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவர் (பேர், ஊர், வேலை எதுவும் சொல்ல மாட்டேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்) முகத்தில் வீக்கத்தோடு வந்தார். வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தார். என்னிடம் மட்டும் ரெண்டு நாள் கழித்து உண்மையைச் சொன்னார். போனில் பழக்கமான ஒருவன் பார்க்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறான். போன இடத்தில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். நீ அந்த மாதிரி ஆள்தானே என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். போனிலிருந்தே பணத்தை அனுப்ப வைத்து, பிறகு போனையும் பிடுங்கிக்கொண்டு, வெளியே சொன்னால் உன் வீட்டுக்கு வந்து சொல்லுவோம் என்று மிரட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் உடனே, வாங்கண்ணா ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "என்னான்னு எழுதிக் குடுக்கிறது தம்பி?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. நான் படிப்பது வரலாறு, சட்டம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி மண்டையில் உட்கார்ந்துகொண்டது. தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பதற்காக ஒருவரை அடித்தால், அதை அந்தக் காரணத்தோடு சேர்த்துக் குற்றமாக எழுதி வழக்கு நடத்த முடியுமா? இதுவரை யாராவது நடத்தியிருக்கிறார்களா? தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் எங்கள் ஊர் எல்லையிலேயே ஒரு விசித்திரமான கதை இருப்பது தெரிந்தது.

எங்கள் ஊர் செல்லிப்பட்டு. தெரியாதவர்களுக்கு: வில்லியனூர் பக்கம், சங்கராபரணி ஆற்றங்கரை. ஆற்றின் குறுக்கே பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் படுகை அணை ஒன்று இருந்தது, 2021 வெள்ளத்தில் உடைந்துபோனது, செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் புதுச்சேரி ஊரும் தமிழ்நாட்டு ஊரும் கலந்து கலந்து வரும். பஸ்ஸில் போனால் நடுவில் தமிழ்நாடு வரும், மறுபடி புதுச்சேரி வரும். வெளியூர் நண்பர்கள் எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். வரிசையாகச் சாராயக்கடை வந்தால் எங்கள் ஊர் என்று சொல்லுவோம். (சிரிக்காதீர்கள், உண்மை அதுதான்.)

இந்தக் கலப்படத்துக்குக் காரணம் பழைய நவாபு காலத்துச் சண்டைகள். 1749-ல் சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர் பகுதி ஊர்களைப் பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கொடுத்தார். அப்போது புதுச்சேரியில் கவர்னர் துய்ப்ளேக்ஸ், அவருக்கு துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. பிள்ளை தினமும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், 1750 ஜூலை 6 அன்று, பாரீஸ் நகரத்தில் ழான் தியோ, புருனோ லெனுவார் என்ற இரண்டு பேரை நடுத்தெருவில் எரித்தார்கள். செய்த குற்றம், இரண்டு ஆண்கள் ஒன்றாக இருந்தது. இருவரும் சாதாரண உழைப்பாளிகள். அந்தக் குற்றத்துக்காக மட்டும் பிரான்சில் கொல்லப்பட்ட கடைசி ஆட்கள் இவர்கள்தான் என்கிறார்கள்.

நாற்பது வருஷம் போனது. பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1791-ல் எழுதிய புதிய குற்றச் சட்டத்தில் அந்தக் குற்றமே இல்லை. பெரிய விவாதம் எதுவும் நடத்தி எடுக்கவில்லை. மதத்தை அவமதித்தல், சூனியம் போன்ற பழைய குற்றங்களோடு சேர்த்து இதையும் எழுதாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். 1810-ல் நெப்போலியன் கொண்டுவந்த குற்றச் சட்டத்திலும் இல்லை.

நடுவில் புதுச்சேரியை இங்கிலீஷ்காரர்கள் பிடித்து வைத்திருந்து, நெப்போலியன் தோற்ற பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்த பிரெஞ்சு நிர்வாகம் 1819 ஜனவரி 6 அன்று ஒரு ஆணை போட்டது. பிரான்சின் சட்டத் தொகுப்புகள் இனி இங்கேயும் செல்லும். கல்யாணம், சொத்து, வாரிசு போன்றவற்றில் மட்டும் உள்ளூர்க்காரர்கள் அவரவர் சாதி, மத வழக்கப்படி நடந்துகொள்ளலாம். ஆகக் குற்றம் என்று வந்தால் பிரெஞ்சுக் குற்றச் சட்டம். அதில் நாம் பேசும் விஷயம் குற்றமே கிடையாது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. மெக்காலே 1837-ல் இந்தியாவுக்கு ஒரு தண்டனைச் சட்ட வரைவு எழுதினார். பள்ளிக்கூடத்தில் கல்வி பற்றிய பாடத்தில் மட்டும் படிப்போமே, அதே மெக்காலே. எல்லாப் பிரிவுக்கும் விளக்கம் பக்கம் பக்கமாக எழுதிய மனிதர், இந்த ஒரு குற்றத்துக்கு வந்ததும், இதைப் பற்றி வெளியில் பேச்சு வராமல் இருப்பதே நல்லது என்று குறிப்பு எழுதி நழுவிவிட்டார். அந்த வரைவு திருத்தப்பட்டு 1860-ல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. இயற்கைக்கு மாறான உடலுறவு என்று சொல்லும் 377-வது பிரிவு. ஆயுள் தண்டனை வரை போகலாம், இல்லையென்றால் பத்து வருஷம் வரை. சம்மதம் இருந்ததா இல்லையா என்ற கேள்வியே அதில் இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1862-லிருந்து, எங்கள் ஊர் வயலில் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்தால் குற்றமில்லை. அந்தப் பக்கம், தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தால் ஆயுள் தண்டனைக் குற்றம். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே சாமி, ஒரே கூத்து. கூத்தாண்டவர் திருவிழா நடக்கும் கூவாகம் கூட அந்தப் பக்கத்து ஊர்தான்.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது பெருமை. அட, எங்கள் ஊர் எவ்வளவு முன்னேறிய ஊர் என்று! பிறகுதான் நிதானித்தேன். குற்றம் இல்லை என்று சட்டம் சொல்லாமல் சொன்னது சரி. ஆனால் யாராவது அடித்தால் காப்பாற்றும் என்று எங்கேயும் எழுதவில்லையே. பாரீசிலேயே 19-ம் நூற்றாண்டில் போலீஸ் இப்படிப்பட்டவர்களின் பெயரை நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தது. பொது இடத்தில் ஆபாசம் என்ற பிரிவில் பிடித்துப் போட்டது. தண்டனை இல்லாமல் இருப்பது ஒன்று, பாதுகாப்பு என்பது இன்னொன்று. இந்த வித்தியாசம் முக்கியம், கடைசி வரை வரும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் 377 எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1884, அலகாபாத் உயர் நீதிமன்றம், கைராத்தி என்பவரின் வழக்கு. மொராதாபாத் பக்கத்தைச் சேர்ந்தவர். செய்தது என்ன? ஊரில் பெண் உடை உடுத்திப் பாடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பிடித்து, மருத்துவப் பரிசோதனை செய்து, செஷன்ஸ் கோர்ட்டு தண்டித்தே விட்டது. உயர் நீதிமன்ற நீதிபதி ஸ்ட்ரெயிட் விடுதலை செய்தார். ஏனென்றால் எந்த நாள், எந்த இடம், யாரோடு என்று எதுவுமே குற்றச்சாட்டில் இல்லை. ஆனால் விடுதலை செய்யும்போதே, இந்த அருவருப்பான பழக்கத்தைத் தடுக்க நினைத்த அதிகாரிகளின் நோக்கம் பாராட்டுக்குரியது என்ற தொனியில் எழுதிவிட்டுத்தான் விட்டார். ஆகக் குற்றம் நடந்ததா என்பது அங்கே விஷயமே இல்லை. ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்தாலே போதும். அடுத்த நூற்று முப்பது வருஷமும் இதே முறையில்தான் ஓடியது.

சரி, எங்கள் ஊருக்கு 377 எப்போது வந்தது? இதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம்.

1954 அக்டோபர் 18. எங்களுக்கு அடுத்தாற்போல் இருக்கும் கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். ஆனால் ஒப்பந்தம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நிறைவேறி, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அந்த இடைக்காலத்தில் தேசியக் கொடி நம்முடையது, குற்றச் சட்டம் பிரெஞ்சுடையது. 1963-ல் புதுச்சேரிக்கு இந்தியச் சட்டங்களை மொத்தமாக நீட்டித்து ஒழுங்குமுறை ஒன்று வந்தது. அந்தப் பட்டியலில் இந்தியத் தண்டனைச் சட்டமும் ஒன்று. அமலுக்கு வந்த நாள் 1963 அக்டோபர் 1.

அதாவது, வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் எங்கள் ஊருக்கு வந்தது வெள்ளைக்காரன் போய்ப் பதினாறு வருஷம் கழித்து! கொண்டுவந்தது சுதந்திர இந்தியா. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஐந்நூறுக்கும் மேல் பிரிவு உள்ள ஒரு சட்டத்தை மொத்தமாக நீட்டித்தார்கள், அதில் 377-ம் ஒட்டிக்கொண்டு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1791-ல் சத்தமில்லாமல் விட்டது போலவே இவர்கள் 1963-ல் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஆயாவுக்கு அப்போது வயது பதினைந்து இருக்கும். பிரெஞ்சுப் பணம் போனது, எல்லைச் சாவடி போனது எல்லாம் ஆயாவுக்கு நினைவிருக்கிறது. சட்டப் புத்தகம் மாறியது யாருக்கும் நினைவில் இல்லை. எப்படி இருக்கும்?

(யாரும் சண்டைக்கு வராதீர்கள். பிரெஞ்சுக்காரன் ஆட்சியே நன்றாக இருந்தது என்று நான் சொல்லவே இல்லை. கீழூரில் ஓட்டுப் போட்டவர்கள் செய்தது சரிதான். இந்த ஒரு பிரிவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.)

இப்போது அண்ணன் கேட்ட கேள்விக்கு வருவோம். 1963-க்குப் பிறகு ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய், இன்ன காரணத்துக்காக என்னை அடித்தார்கள் என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தக் காரணமே 377-ன் கீழ் அவர் மீது வரக்கூடிய வழக்கு. புகார் கொடுக்க வந்தவர் குற்றவாளி ஆகிவிடுவார். அடித்தவனுக்கு இது தெரியும். பணம் பறிப்பவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். போலீசுக்கும் தெரியும். 2001-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகக் கிளை ஒரு அறிக்கை வெளியிட்டது. பார்க்கில் பிடித்து மிரட்டிப் பணம் பறிப்பது, வீட்டில் சொல்லிவிடுவேன் என்பது, அடிப்பது எல்லாம் அதில் வருகிறது. 377 கோர்ட்டில் நடந்ததை விடத் தெருவில் நடந்ததுதான் அதிகம்.

நம் பக்கத்து வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெயலட்சுமி எதிர் தமிழ்நாடு அரசு, சென்னை உயர் நீதிமன்றம், 2007. ஜெயலட்சுமியின் உடன்பிறந்தவர் ஒரு திருநங்கை. (அந்தக் காலத்தில் அரவாணி என்று எழுதுவார்கள். பாலின அடையாளம் வேறு, பாலீர்ப்பு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அடித்தவர்கள் இந்த வித்தியாசம் பார்த்து அடிக்கவில்லை.) திருட்டுச் சந்தேகம் என்று சென்னையில் போலீஸ் பிடித்துப் போனது. ஸ்டேஷனில் பாலியல் கொடுமை நடந்தது. தாங்க முடியாமல் ஸ்டேஷன் வளாகத்திலேயே தீ வைத்துக்கொண்டு இறந்துபோனார். சகோதரி கோர்ட்டுக்குப் போனார். நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இரண்டு வருஷம் கழித்து 377 பற்றிய டெல்லித் தீர்ப்பில் இந்த வழக்கை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், சட்டம் மனிதர்களை என்ன செய்கிறது என்பதற்குச் சாட்சியாக.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்று. இது இழப்பீட்டு வழக்கு. ரிட் மனு. அரசு பணம் கட்டியது. இவர் யார் என்பதால்தான் இப்படிச் செய்தார்கள் என்று குற்றப்பத்திரிகையில் எழுத அப்போது சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை.

அந்த டெல்லித் தீர்ப்பு 2009 ஜூலை 2 அன்று வந்தது. நாஸ் பவுண்டேஷன் வழக்கு, நீதிபதிகள் ஏ.பி.ஷா, முரளிதர். வயது வந்தவர்கள் சம்மதத்தோடு தனியாக இருந்தால் 377 செல்லாது என்றார்கள். ஏழு மாதம்தான் போயிருந்தது, 2010 பிப்ரவரியில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்திப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ் வீட்டுக்குள் கேமராவோடு ஆட்கள் புகுந்தார்கள். அவர் தன் வீட்டுக்குள் ஒரு ஆணோடு இருந்தார். படம் பிடித்தார்கள். பல்கலைக்கழகம் என்ன செய்தது? புகுந்தவர்களை விட்டுவிட்டுப் பேராசிரியரை சஸ்பெண்ட் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏப்ரல் 1 அன்று சஸ்பெண்டை நிறுத்தி வைத்தது. ஏப்ரல் 7 அன்று அவர் வாடகை வீட்டில் இறந்து கிடந்தார். வீட்டுக்குள் புகுந்ததற்காக வழக்குப் பதிவானது, கைதும் நடந்தது. ஆனால் தண்டனை என்று யாருக்கும் வரவில்லை. 'அலிகர்' என்று மனோஜ் பாஜ்பாய் நடித்த இந்திப் படம் இவர் கதைதான். ஆக, அப்போது 377 அவர் மேல் பாயவில்லை. பாயாமலே இவ்வளவும் நடந்தது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் டெல்லித் தீர்ப்பை ரத்து செய்து 377-ஐத் திரும்பக் கொண்டுவந்தது. பாதிக்கப்படுகிறவர்கள் எண்ணிக்கை ரொம்பக் கொஞ்சம் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2018 செப்டம்பர் 6-ல் நவ்தேஜ் சிங் ஜோகர் வழக்கில் ஐந்து நீதிபதிகளும் ஒரே முடிவாக, சம்மதத்தோடு இருப்பவர்களுக்கு 377 பொருந்தாது என்றார்கள். இவர்களிடம் வரலாறு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். இந்தத் தீர்ப்பைப் போலீசாருக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று நீதிபதி நாரிமன் மத்திய அரசுக்கு உத்தரவு போட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் 156 வருஷம், எங்கள் பக்கம் 55 வருஷத்துக்குச் சற்றுக் குறைவு.

ஆகக் குற்றவாளி என்ற பட்டம் போனது. அடித்தவனைத் தண்டிப்பது?

இதற்கு உலகத்தில் வேறு இடங்களில் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் சொல்வது அமெரிக்காவின் மேத்யூ ஷெப்பர்ட். 1998 அக்டோபரில் வயோமிங் மாநிலத்தில் 21 வயது மாணவரை இரண்டு பேர் ஏமாற்றி வண்டியில் அழைத்துப்போய், அடித்து, வேலியில் கட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து நாளில் இறந்தார். இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் கொலைக்காக. அவர் யார் என்பதால் அடித்தார்கள் என்பதைக் குற்றமாகச் சேர்க்க மாநிலச் சட்டத்திலும் இடமில்லை, மத்தியச் சட்டத்திலும் இல்லை. அவர் பெற்றோர் பதினோரு வருஷம் விடாமல் போராடினார்கள். 2009 அக்டோபர் 28-ல் ஒபாமா கையெழுத்துப் போட்டார். சட்டத்துக்கு இரண்டு பேர் வைத்தார்கள், ஷெப்பர்ட் பேரும், அதே 1998-ல் டெக்சாசில் வண்டியில் கட்டி இழுத்துக் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் ஜேம்ஸ் பேர்டு பேரும்.

எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது பிரான்சு. 2002 செப்டம்பரில் ரேம்ஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் பிரான்ஸ்வா ஷெனு என்பவரை மூன்று மொட்டைத்தலை நாஜிப் பையன்கள் அடித்துக் கொன்றார்கள். அவர்கள் முதலில் தேடிக்கொண்டு போனது ஒரு அரபுக்காரரை. யாரும் கிடைக்கவில்லை. இவர் கிடைத்தார். வெறுப்புக் குற்றம் என்றால் என்ன என்று எனக்கு உண்மையாகப் புரிந்தது இந்த வழக்கில்தான். அவனுக்கு அந்த ஆளோடு பகை எதுவும் இல்லை. ஆள் யாராக இருந்தாலும் பரவாயில்லை, அந்த வகை ஆளாக இருந்தால் போதும். அதனால் அந்த அடி ஒருவர் மேல் விழுந்தாலும், அந்த ஊரில் அதே மாதிரி இருக்கிற அத்தனை பேரும் அன்றிலிருந்து அந்தப் பூங்கா பக்கம் போக மாட்டார்கள். அடுத்த வருஷம், 2003 மார்ச் 18-ல், பாலீர்ப்பைக் காரணமாக வைத்துச் செய்யும் கொலை, தாக்குதலுக்குத் தண்டனையைக் கூட்டிப் பிரான்சு சட்டம் போட்டது.

இதில் எங்களுக்கு ஒரு உள்ளூர் விஷயம் இருக்கிறது. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் குடும்பங்கள் இன்னும் புதுச்சேரியில் உண்டு. பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களைச் சொல்தா என்போம். பிரெஞ்சு ஜனாதிபதி தேர்தலுக்கு இங்கேயே ஓட்டுப் போடுவார்கள். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடு. அந்த வீட்டுப் பையனை ரேம்சில் வைத்து இந்தக் காரணத்துக்காக அடித்தால் சட்டத்தில் அதற்குப் பெயர் உண்டு. இந்த வீட்டுப் பையனை வில்லியனூரில் அடித்தால் அது சாதாரண அடிதடி.

அடிதடிக்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே, காரணத்துக்கு எதற்குத் தனிச் சட்டம் என்று வகுப்பில் ஒருவன் என்னோடு வாதாடினான். மனசுக்குள் இருப்பதை எல்லாம் கோர்ட்டு எப்படிப் பார்க்கும் என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் நம் நாட்டுக்கு இது புதிது இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிகள் 44 பேரை ஒரு குடிசையில் வைத்து எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலக்கிழார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973-ல் விடுதலை செய்தது. சாதாரணக் கொலைச் சட்டம் போதாது, சாதியின் காரணமாகச் செய்தார்கள் என்பதைச் சட்டமே பேர் சொல்லி எழுத வேண்டும் என்ற நிலைக்கு நாடு வர இன்னும் பதினாறு வருஷம் ஆனது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இருந்தும் வழக்குகள் எப்படி இழுபடுகின்றன என்று நமக்குத் தெரியும். ஆனால் புகாரில் எழுத ஒரு வார்த்தை கிடைத்தது. ஸ்டேஷனில் எழுத மறுத்தால், மறுத்ததே தப்பு என்று சொல்ல ஒரு பிரிவு கிடைத்தது.

தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு அந்த மாதிரி வந்திருக்கிறதா? 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 103-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு கும்பல் கொலை பற்றியது. இனம், சாதி, பால், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை, அல்லது இது போன்ற வேறு காரணம் என்று வரிசையாக வருகிறது. பாலீர்ப்பு என்ற வார்த்தை இல்லை. 'இது போன்ற வேறு காரணம்' என்பதில் அடங்கும் என்று ஒரு வக்கீல் வாதாடலாம். ஆனால் அந்தப் பிரிவுக்கு ஐந்து பேராவது சேர்ந்து செய்திருக்க வேண்டும். அண்ணனை அடித்தது இரண்டு பேர்.

திருநர்களுக்கு 2019-ல் தனிச் சட்டம் வந்தது. அவர்களுக்கு எதிரான உடல், பாலியல் கொடுமைகளுக்கு அதில் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரைதான் தண்டனை போட்டார்கள். ஒரு பெண்ணுக்கு நடந்தால் பத்து வருஷத்துக்குக் குறையாத குற்றம் இங்கே அதிகபட்சம் இரண்டு வருஷம். என்ன கணக்கோ!

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. புதுச் சட்டத்தில் 377-ஐ முழுசாக எடுத்துவிட்டார்கள். 2018 தீர்ப்பு எடுக்கச் சொன்னது சம்மதத்தோடு இருப்பதை மட்டும்தான். ஒரு ஆணைப் பலவந்தம் செய்தால் அது குற்றம் என்ற பகுதியை நீதிமன்றம் விட்டு வைத்திருந்தது. அதுவும் சேர்ந்து போய்விட்டது. பாலியல் வல்லுறவுப் பிரிவோ பெண்களுக்கு மட்டும். 2024 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், இதைப் பற்றி முடிவெடுங்கள் என்று மத்திய அரசிடம் சொன்னது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லித் தலையிட மறுத்துவிட்டது. 1791, 1963, 2024, மூன்று முறையும் அந்தப் பிரிவு வந்ததும் போனதும் மொத்தமாகத்தான், யாரும் நிறுத்தி நிதானமாகப் படித்துப் பார்க்காமல்.

நல்லதாக ஒன்றும் நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது, அதுவும் நம் உயர் நீதிமன்றத்தில். 2021 ஜூன் 7-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சுஷ்மா வழக்கில் கொடுத்த உத்தரவு. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள், பின்னாலேயே வீட்டார் கொடுத்த காணவில்லை புகார். தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று நீதிபதியே ஒத்துக்கொண்டு, மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு எழுதிய தீர்ப்பு அது. நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்த தீர்ப்பு. வயது வந்தவர்கள் விருப்பப்பட்டுப் போயிருந்தால் காணவில்லை புகாரை முடித்துவிட வேண்டும், குணப்படுத்துகிறேன் என்று சிகிச்சை செய்வதைத் தடுக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு. அதைத் தொடர்ந்து 2022-ல் தமிழ்நாடு அரசு போலீஸ் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்றைச் சேர்த்தது. இவர்களை எந்தப் போலீஸ்காரரும் துன்புறுத்தக் கூடாது என்று எழுத்தில் இருக்கிறது.

2025 மே மாதம் இன்னொன்று. வேலூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணை வீட்டில் அடைத்து, அடித்து, 'சரிசெய்ய' சடங்கெல்லாம் செய்திருக்கிறார்கள். அவர் தோழி ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் அந்தப் பெண்ணை விருப்பப்படி போகவிட்டார்கள், விரும்பிச் சேர்ந்தவர்களும் குடும்பம்தான் என்றார்கள், புகார் வந்தும் கண்டுகொள்ளாத போலீசைக் கண்டித்தார்கள்.

கவனித்தீர்களா, இதுவும் ஆட்கொணர்வு மனு. வந்து நிற்பது ரிட்டுதான். அடித்தவன் மேல் குற்ற வழக்கு நடந்து, இந்தக் காரணத்துக்காக அடித்தாய் என்று தீர்ப்பு எழுதிய கதையை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுபடியும் எல்லை! சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் 1962 முதல் எங்களுக்கும் உண்டு. ஆனால் 24-சி என்பது தமிழ்நாட்டுப் போலீசுக்கு எழுதிய விதி. எங்கள் போலீஸ் புதுச்சேரிப் போலீஸ், வேறு நிர்வாகம், வேறு விதிப் புத்தகம். ஒரு காலத்தில் வரப்புக்கு இந்தப் பக்கம் நின்றால் நல்லது. இப்போது அந்தப் பக்கம் நின்று அடி வாங்கினால் போலீசிடம் காட்ட ஒரு விதி எண்ணாவது கையில் இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு அண்ணனிடம் போனேன். இப்போது 377 இல்லை, உங்கள் மேல் வழக்கு எதுவும் வராது என்றேன். அடித்ததற்கு 115, பிடுங்கியதற்கு 309, மிரட்டியதற்கு 351 என்று பிரிவு எண்களை எல்லாம் ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினேன். காரணத்தை எழுத வேண்டியது கூட இல்லை, வெறும் வழிப்பறி என்றே எழுதிக் கொடுக்கலாம் என்றேன். பேப்பரை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார்.

"அந்த நேரத்துல அங்க எதுக்குப் போனன்னு கேப்பாங்களே?" என்றார்.

அவர் அதற்கு முன்பே ஒரு முறை ஸ்டேஷனுக்குப் போய் வந்துவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதே நம்பரில் சிம் கார்டு வாங்கக் கடையில் மனு ரசீது கேட்டிருக்கிறார்கள். அவர் எழுதிக் கொடுத்த மனுவின் நகலைப் பர்சிலிருந்து எடுத்துக் காட்டினார். நான்கு வரி. பஸ்ஸில் வரும்போது போன் தொலைந்துவிட்டது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.